பொழுதுபோக்கிலிருந்து பிழைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் ஆரி வேலை (கொக்கி ஊசியால் ரவிக்கைத் துணியில் நூலும் மணியும் வைத்துப் போடும் பூவேலை) செய்கிறேன். டிசம்பரில் கேக் சுடுகிறேன். நவராத்திரிக்கு முன்பு பழைய கொலுப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறேன். கோடை விடுமுறையில் வகுப்பு எடுக்கிறேன். 2014 வரை ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். வகுப்புக்கு வரும் பெண்கள், அவர்களைக் கொண்டுவந்து விடும் கணவர்கள், தொலைபேசியில் அழைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன்.

எனக்கு ஐந்தாறு பொழுதுபோக்குகள் உண்டு. எதிலும் நிலைத்து நிற்பதில்லை என்று வீட்டில் திட்டுகிறார்கள். இதில் எதைத் தொழிலாக எடுப்பது?

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று என் மாமியாரும் என்னைச் சொன்னவர்தான். அவர் சொன்னதில் பாதி சரி.

எது அதிகம் பிடிக்கிறது என்று பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு அதிகம் பிடித்தது தஞ்சாவூர் ஓவியம். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பூச்சு கொடுத்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி ஒரு கிருஷ்ணரை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆகும். முடித்த பிறகு அடுத்த மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். ஆரி வேலை அப்படியில்லை. ஒரு முறை ஒரு பட்டு ரவிக்கையின் கழுத்தைச் சுற்றி நாற்பது மாங்காய் வடிவம் போட வேண்டியிருந்தது. வானொலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாற்பதாவது மாங்காய்க்கு வந்தபோது எனக்குச் சலிக்கவில்லை. முதல் மாங்காய்க்கும் கடைசி மாங்காய்க்கும் வித்தியாசமும் தெரியவில்லை. சம்பாதிக்கப் போவது இதில்தான் என்று அன்று புரிந்தது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். செய்ய நினைக்கும் பொருளை, எந்த மாற்றமும் இல்லாமல், ஒரே மாதிரி பத்து முறை செய்யுங்கள். பத்து மைசூர்பாகு, பத்து பென்சில் ஓவியம், பத்து பூச்சாடி, எதுவானாலும் சரி. ஏழாவதில் கை தளர்ந்து, “கொஞ்சம் மாற்றிச் செய்து பார்ப்போமே” என்று மனம் அலைந்தால், அது உங்கள் பொழுதுபோக்காகவே இருக்கட்டும். வாடிக்கையாளர் போன முறை வாங்கியதையே திரும்பக் கேட்பார். அவருக்கு உங்கள் கற்பனையோட்டத்தில் அக்கறை கிடையாது.

அப்படியானால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். மாமியார் சொன்னதில் தவறிய பாதி இதுதான். பல கைவேலை தெரிந்திருப்பது குறையே இல்லை, அவற்றைப் பஞ்சாங்கத்தோடு பொருத்தத் தெரிந்தால்.

ஆரி வேலை முகூர்த்தத்தை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பெரும்பாலானோர் வைப்பதில்லை. ஆனால் எங்கள் வேலை கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஓடும். ஆவணிக் கல்யாணத்து ரவிக்கை ஆடிப் பெருக்கு வாக்கில் கைக்கு வந்துவிடும். அதனால் உண்மையான வறட்சி ஆனிக் கடைசியிலிருந்து ஆடி நடுவரை, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுவரை, கார்த்திகை முடிவிலிருந்து மார்கழி நடுவரை. முதல் இரண்டு வருடம் இந்த இடைவெளிகளில் எனக்கு வேலை இல்லை. ‘தொழில் படுத்துவிட்டது’ என்று பயந்துபோய்ப் பள்ளிக்கே திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன்.

பிறகு ஒரு நாள் தினசரி நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடியிலும் ஆவணிக் கடைசியிலும் எல்லோர் வீட்டிலும் பரணிலிருந்து கொலுப் பொம்மைப் பெட்டி இறங்குகிறது. மூக்குடைந்த செட்டியார், வண்ணம் உதிர்ந்த தசாவதாரம், பாட்டி காலத்து மரப்பாச்சி. புதுப் பொம்மை பண்ருட்டியிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வந்துவிடும். பாட்டியின் பொம்மை எங்கிருந்தும் வராது. அதைச் சரிசெய்யக் கொடுப்பவர்கள் விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஓவியம் பழகிய கை இங்கே சோறு போட்டது. மார்கழியின் முதல் பாதி டிசம்பரின் பின்பாதி, அது கேக்குக்கு. ஏப்ரல், மே மாதங்களில் ஆரி வேலையும் இருக்கும், பிள்ளைகளுக்கு விடுமுறையும் இருக்கும். காலையில் வகுப்பு, மாலையில் ஊசி.

மோதல் இல்லாமலும் இல்லை. தை முகூர்த்த ரவிக்கைகள் டிசம்பர் கடைசி வாரத்தில், சரியாகக் கேக் அடுப்பில் இருக்கும் நேரத்தில் வந்து நிற்கும். டிசம்பர் 18 முதல் ஜனவரி 1 வரை புதிய ரவிக்கை வாங்குவதில்லை என்று வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கையில் வெண்ணெயோடு பட்டுத்துணியைத் தொடுவதைவிட அது பரவாயில்லை.

உங்கள் கைவேலைக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கும். புகைப்படம் எடுப்பவருக்கு முகூர்த்தம், பள்ளி ஆண்டு விழா. வாழ்த்தட்டை செய்பவருக்குப் பொங்கலும் புத்தாண்டும். மெகந்தி போடுபவருக்குக் கல்யாணமும் ரம்ஜானும். எந்த மாதம் காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த ஓட்டையை அடைக்க உங்கள் ஐந்தாறில் எது உதவும் என்று அதற்குப் பிறகு பாருங்கள்.

விலை எப்படி வைப்பது?

நான் கணக்கு டீச்சர். ஆனாலும் என் முதல் வருடக் கணக்கு படுமோசம்.

2014இல் நடுத்தர வேலைப்பாடுள்ள ஒரு ரவிக்கைக்கு 1,800 ரூபாய் வாங்கினேன். பட்டு நூல், ஜரிகை, பாசிமணி, சமிக்கி, குந்தன் கல் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். மீதி 1,150 லாபம் என்று நினைத்து மகிழ்ந்தேன். ஒரு நாள் ஒரு ரவிக்கைக்கு மட்டும், தொடங்கும்போதும் எழுந்திருக்கும்போதும் மணியைக் குறித்தேன். ஊசி வேலை மட்டும் 22 மணி நேரம். டிசைன் தாளில் துளை போட்டு, மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடி கரைத்துத் துணியில் தேய்த்து அச்சு எடுத்தது, பெரிய கடைவீதிக்கு இரண்டு முறை போனது, வாடிக்கையாளருடன் பேசியது, அவர் மனம் மாறியதும் ஒரு கைப்பகுதியைப் பிரித்துத் திரும்பப் போட்டது என்று இன்னும் 5 மணி நேரம். போக்குவரத்து 120 ரூபாய். உடைந்த ஊசி, விளக்கு மின்சாரம் என்று 60 ரூபாய். ஆக, 1,800இல் 830 போக மிச்சம் 970 ரூபாய். அதை 27 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய்கூட முழுதாக வரவில்லை.

அன்று இரவு சாப்பிடவில்லை.

இப்போது நான் சொல்லித்தரும் முறை இது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூலி வையுங்கள். இந்த வேலையைச் செய்யாவிட்டால் வெளியே என்ன சம்பாதிப்பீர்களோ அதற்குக் குறையாமல் இருக்கட்டும். 120 ரூபாய் என்று வைத்தால் மேலே சொன்ன ரவிக்கைக்கு 27 மணி நேரக் கூலி 3,240. அதனுடன் செலவு 830 சேர்த்தால் 4,070. கெட்டுப்போவது, திருப்பித் தருவது, வேலை இல்லாத வாரம் ஆகியவற்றுக்காக 15 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 4,680. நான் 4,700 சொல்வேன்.

“இவ்வளவா?” என்று கேட்பார்கள். விலையைக் குறைக்கமாட்டேன், வேலையைக் குறைப்பேன். முன் கழுத்தை வெறுமனே விட்டு, முதுகுப் பக்கமும் கைக்கரையும் மட்டும் போட்டால் 2,900க்கு முடியும் என்பேன். புடவைத் தலைப்பு முன் கழுத்தை மறைத்துவிடும் என்பதையும் சொல்வேன். பாதிப் பேர் அதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். மீதிப் பேர் வேறு இடம் போகிறார்கள். அவர்களில் சிலர் மறு வருடம் வருகிறார்கள்.

சொந்தக்காரர்கள் சும்மா செய்து தரச் சொல்கிறார்களே?

அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சீராக ஒரு ரவிக்கை செய்து கொடுத்தேன். அது சீர், அதற்குக் கணக்குப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, அண்ணியின் தங்கை, தங்கையின் நாத்தனார் என்று ஏழு பேர் ‘நூலுக்கு மட்டும் காசு தருகிறோம்’ என்று வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அச்சிட்ட விலைப்பட்டியலை நீட்டினேன். வாயால் விலை சொன்னால் உறவு குறுக்கே வரும். தாளில் இருந்தால் தாள்தான் பழி ஏற்கும். முன்பணம் பாதி வாங்காமல் யாருக்கும் ஊசியில் நூல் கோக்காதீர்கள்.

முதல் வாடிக்கையாளரை எங்கே பிடிப்பது? இரண்டு மாதமாக ஒன்றும் விற்கவில்லை.

சென்னையில் பெரிய உணவுத் தொழில் நடத்திய பாட்ரிசியா நாராயண், முதலில் வீட்டிலேயே ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் செய்தவர். அவற்றை அவருடைய தாயார் தம் அலுவலகத்தில் விற்றுக் கொடுத்தார். 1982இல் மெரினாவில் தள்ளுவண்டி போட்டபோது முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 பைசாவுக்கு. மனமுடைந்து அழுத அவரைத் தேற்றியதும் தாயார்தான். பிற்பாடு, 2010இல், இந்தியத் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான ஃபிக்கியின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையில் எல்லோரும் 50 பைசாவைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது தாயாரின் அலுவலகம். முதல் இருபது வாடிக்கையாளர்கள் முகம் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வீட்டில் யார் பத்துப் பேர் உள்ள இடத்துக்குத் தினமும் போகிறாரோ அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். என் முதல் ஆறு ரவிக்கைகளும் பழைய பள்ளியின் ஆசிரியர் அறையிலிருந்து வந்தவை.

எவ்வளவு முதல் வேண்டும்? கடன் வாங்கலாமா?

ஆரிக்கு ஸ்டாண்ட், ஊசிகள், நூல், மணி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்கள் போதும். கேக்குக்கு ஓவன் என்ற மின் அடுப்பு, மாவு அடிக்கும் பீட்டர், அச்சுகள் என்று கொஞ்சம் கூடும். ஆறு மாதம் விற்றுப் பார்க்காமல் கடன் வாங்காதீர்கள். தவணைத் தேதி பஞ்சாங்கம் பார்த்து வராது.

அதற்குப் பிறகு வேண்டுமென்றால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் இருக்கிறது. அதில் சிசு என்ற முதல் பிரிவில் 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல் கிடைக்கும். தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல், மண்பாண்டம், பூமாலை கட்டுதல் உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

தொழில் கற்கவே பணம் இல்லை என்றால், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் கிடைக்கும். என்னிடம் பணம் கட்டிப் படிக்க வருபவர்களிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கேக், முறுக்கு, பொடி செய்து விற்க அனுமதி வேண்டுமா?

வேண்டும். ‘நாலு பேருக்குத்தானே கொடுக்கிறேன்’ என்பது விலக்கு ஆகாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இன்படி வீட்டில் செய்து விற்பவரும் பதிந்துகொள்ள வேண்டும். நான் பதிந்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே முடிந்தது. கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, விலை, உங்கள் முகவரி ஆகியவையும் வேண்டும். பலர் தவறும் இடம் ஒன்று: முட்டை சேர்த்த கேக்கில் பச்சைப் புள்ளி போடக்கூடாது. சைவ அசைவக் குறியீட்டு விதியில் முட்டையும் அசைவப் பக்கம்தான்.

அனுமதியைவிடக் கடினமானது வெயில். ஒரு மே மாதம், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ கேக். விப்பிங் கிரீமில் வெள்ளை வாத்துக் குளம், மேலே ஐந்து மஞ்சள் வாத்துக்குஞ்சுகள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கன்டோன்மென்ட் புறப்பட்டேன். காவிரிப் பாலம் ஏறும்போது ஒரு குஞ்சு சாய்ந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் நெரிசல். மண்டபத்து வாசலில் பெட்டியைத் திறந்தபோது குளம் மட்டும் இருந்தது. குழந்தையின் தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனம்மா, வாத்தெல்லாம் குளிக்கப் போய்விட்டனவா?” என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நான் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மார்ச் முதல் ஜூலை வரை கிரீம் கேக்குக்கு ஆர்டர் வாங்குவதே இல்லை. கனாஷ் என்ற கெட்டியான சாக்லேட் பூச்சு பூசியதோ, ஒன்றும் பூசாததோ மட்டும்தான். அதையும் காலை ஒன்பது மணிக்குள் அவர்களே வந்து எடுத்துச் செல்ல வேண்டும்.

உத்யம், ஜிஎஸ்டி, வருமான வரி என்றெல்லாம் பயமுறுத்துகிறார்களே?

உத்யம் பதிவு குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கானது. 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான். சேவைக்கு 20 லட்சம். வாடிக்கையாளர் துணி கொடுத்து நீங்கள் ஆரி வேலை மட்டும் செய்து தந்தால் அது சேவைக் கணக்கில் வரும், வகுப்பெடுப்பதும் அப்படியே. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் விதி மாறும் (கைவினைப் பொருட்களுக்குச் சலுகை உண்டு). அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

வருமான வரியில் சிறு வியாபாரிகளுக்கு அனுமான வருமான முறை இருக்கிறது. வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகையில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் பேரேடு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டத்துக்காக வேண்டாம் என்றாலும் உங்களுக்காக ஒரு நோட்டு வையுங்கள். தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறப்பதை முதல் வாரமே செய்யுங்கள். வீட்டுப் பால் காசும் ஜரிகைக் காசும் ஒரே டப்பாவில் கிடந்த இரண்டு வருடத்தில் நான் சம்பாதித்தேனா இழந்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

யூடியூபில் போட்டால் சீக்கிரம் சம்பாதிக்கலாமா?

விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். அதை எட்டிய பிறகும் மாதத்துக்கு வருவது பல பேருக்குக் கைப்பேசிக் கட்டணத்துக்குத்தான் சரியாக இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனலைக் காட்டி, “அவர்கள் ஜெயிக்கவில்லையா?” என்பார்கள். ஜெயித்தார்கள், 2018இல் தொடங்கி 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் அது. வயல் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்ற யோசனையிலிருந்து பிறந்த முயற்சி. அங்கே கரண்டி பிடித்த தாத்தா பெரியதம்பி அதற்கு முன்பே ஊருக்குச் சமைத்தவர். கேமரா வருவதற்கு முன்பே கைப்பக்குவம் இருந்தது.

என் ஆரிக் காணொளிகளால் விளம்பரப் பணம் வந்ததில்லை. ஆனால் நாமக்கல்லிலிருந்தும் கரூரிலிருந்தும் வகுப்புக்கு ஆள் வருகிறது. அந்த அளவில் காணொளி எனக்குக் கடைப்பலகை.

செய்து விற்பதா, சொல்லிக்கொடுப்பதா? எதில் வருமானம் அதிகம்?

பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பதில். ஒரு ரவிக்கைக்கு 27 மணி நேரம் ஒரு ஆள்தான் பணம் தருகிறார். வகுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு எட்டுப் பேர். தங்களால் உச்சிக்குப் போக முடியாதவர்கள்தான் கற்பிக்க வருவார்கள் என்றொரு இளக்காரம் நம்மிடம் உண்டு. அது சரியில்லை. சதுரங்க கிராண்ட் மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ், பொதுத்துறை எண்ணெய் நிறுவன வேலையை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசாமியோடு 2008இல் சென்னையில் செஸ் குருகுலத்தைத் தொடங்கியவர். பிரக்ஞானந்தா அவரிடம் பயின்றவர்தான்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் குறைந்தது ஐம்பது ரவிக்கைகளைக் காசுக்குச் செய்து கொடுத்திருக்க வேண்டும். மூன்று மாதம் கற்றுக்கொண்டு நான்காம் மாதம் வகுப்புப் பலகை மாட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மாணவிகள் நூல் அறுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

எப்போது வேலையை விடலாம்?

ஒரு முழு வருடம், ஆடியும் மார்கழியும் உட்பட, கணக்கு எழுதிய பிறகு. நல்ல மூன்று மாதத்தைப் பார்த்து வேலையை விடாதீர்கள். வைகாசியில் வேலையை விட்ட ஒரு பெண் ஆனிக் கடைசியில் என் வாசலில் அழுதுகொண்டு நின்றார். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். வேலையிடத்து மருத்துவக் காப்பீடு போய்விடும் என்பதால் குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுத்துவிட்டு வேலையை விடுங்கள். நான் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு என் கணவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை; வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

என் டிசைனைக் காப்பியடிக்கிறார்கள்.

அடிப்பார்கள். நீங்கள் மட்டும் மாங்காயைக் கண்டுபிடித்தீர்களா?

பிடித்ததைத் தொழிலாக்கினால் அது பிடிக்காமல் போய்விடாதா?

கொஞ்சம் போய்விடும், மறைக்கவில்லை. முன்பு ஒரு நல்ல ரவிக்கையைப் பார்த்தால் ரசிப்பேன். இப்போது கல்யாண வீட்டில் பெண்ணின் முதுகைப் பார்த்ததும் “இது 30 மணி நேரம்” என்று மனம் கணக்குப் போடுகிறது. தாலி கட்டியதைக் கவனிக்கவில்லை. கழுத்துவலி வந்தது, கண்ணாடியின் எண் இரண்டு முறை மாறியது. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வாசல்வரை நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அதைக்கூட இப்போது விலையில் சேர்த்துவிட்டேன்.

ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. கொலுவுக்கு ஒரு அம்மா பழைய கிருஷ்ணர் பொம்மையைத் தந்தார், கண் முழுதும் அழிந்திருந்தது. புருவம் வரைந்து, விழி வைத்து, கடைசியில் கருமணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் அது என்னைப் பார்த்தது. 150 ரூபாய் வேலை. அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். பொழுதுபோக்காக வரைந்த காலத்தில் இப்படி யாரும் என் படத்தை எடுத்துக்கொண்டு போனதில்லை.

மாடியில் இவ்வளவு செடி வளர்க்கிறீர்கள். நாற்று விற்றால் நல்ல காசு வருமே?

இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். மாட்டேன். கத்தரி, தக்காளி, தூதுவளை, பிரண்டை, எது வேண்டுமானாலும் வந்து சும்மா எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.